ஏது இல்லாத துரோகம்: ‘எயார் போர்ஸ் வன்’ திரைப்படத்தின் கதைக்கோப்பு

கதைக்கோப்பின் வன்மை தலைவனைக் கொண்டு அளக்கப்படுவதிலும் பார்க்கத் தீயோனைக் கொண்டே அளக்கப்படத்தக்கது. தலைவன் நல்லவனாயிருப்பதற்குக் கதையாசிரியன் காரணங் கூற வேண்டியதில்லை. கேட்போர் அதனை எளிதில் ஒப்புக்கொள்வர். தீயோன் ஏன் தீமை செய்கின்றான் என்ற வினாவுக்கோ விடை வேண்டப்படுகின்றது. கம்பன் இதனை நன்கு அறிந்திருந்தான். வான்மீகத்திலே கூனி அயோத்தியின் விழாக்கோலத்தைக் கண்ட அளவிலே வெகுண்டெழுகின்றாள். கம்பனுக்கு அது போதவில்லை. இளமைப் பருவத்தில் இராமன் விளையாட்டாக அவளுடைய கூன்மீது மண்ணுண்டையை எய்தான் என்றும், அவ்வவமானத்தை அவள் நெஞ்சில் வைத்திருந்தாள் என்றும் ஓர் ஏதுவை அவன் கூட்டிச் சொல்கின்றான். ஒரு பேரரசின் முடி சாய்வதற்கு அம்மண்ணுண்டை மிகச் சிறிது. ஆயினும் அது இருக்கின்றது. இருப்பதனாற் கூனி மனிதப் பிறவியாகின்றாள். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனும் அவ்வாறே. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன், தன் களவை மறைக்க வழி தேடிக்கொண்டிருந்த வேளையிற் கோவலன் கையில் மற்றொரு சிலம்போடு எதிர்ப்படுகின்றான். அதற்குமேல் அவனைப் பற்றிக் கூற வேண்டியது யாதுமில்லை.

இவ்வளவுகோலை அண்மைக்காலத் திரைப்படம் ஒன்றுக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். விமானக் கடத்தலைப் பொருளாகக் கொண்டு ஹொலிவூட்டில் எழுந்த படங்களுள், 1997ஆம் ஆண்டு வெளியான ‘எயார் போர்ஸ் வன்’ பெரும் புகழ் பெற்றது. உலகெங்கும் 31 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அன்ட்ரூ மார்லோ எழுதிய கதையை ஜேர்மனியரான வொல்வ்காங் பீற்றர்சன் நெறிப்படுத்தினார். சனாதிபதி மார்ஷலாக ஹரிசன் போர்ட்டும், உப சனாதிபதி பெனற்றாகக் கிளென் குளோசும், கடத்தற்காரர் தலைவன் கொர்சுனோவாகக் காரி ஓல்ட்மனும் நடித்தனர். இப்படத்திலே தீயோர் இருவர் உளர். ஒருவன் வெளியிலிருந்து வந்தவன். அவனுடைய ஏது விரித்துரைக்கப்படுகின்றது. மற்றவன் உள்ளிருந்தவன், அவனுடைய ஏது ஓரிடத்திலேனும் உரைக்கப்படவில்லை. இதனைக் கதையாசிரியரின் மறதி என்று கூறிச் சிரித்துவிட்டு அமைவது பார்ப்போரிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. படத்தை ஊன்றி நோக்குவோருக்கு அது மறதியாகத் தோன்றாது.

கதை வருமாறு. கசாக்ஸ்தானிலே கொடுங்கோல் ஆட்சி நடத்திய ராடெக் என்னும் தளபதியை அமெரிக்க, இரஷ்யப் படையினர் கூடிச் சென்று சிறைப்பிடிக்கின்றனர். மூன்று வாரங்களின் பின் மொஸ்கோ நகரில் நடைபெறும் விருந்தொன்றில் அமெரிக்க சனாதிபதி மார்ஷல், எழுதிக் கொடுக்கப்பட்ட உரையைக் கைவிட்டுத் தன்னுள்ளத்திற் பட்டதைப் பேசுகின்றான். தன்னாடு காலந்தாழ்த்தியே தலையிட்டது என்று வருந்துகின்றான். இனிப் பயங்கரவாதிகளோடு பேரம் பேசுவதில்லை என்று உலகறிய உறுதி கூறுகின்றான். அவ்வுறுதியோடு அவன் ஏறிய விமானத்திலே, இரஷ்யச் செய்தியாளர் குழுவாக வேடந்தாங்கிய கொர்சுனோவும் அவன் கூட்டத்தாரும் ஏறியிருக்கின்றனர். சனாதிபதியின் மெய்க்காவலருள் ஒருவனான கிப்ஸ் தன் தோழரைச் சுட்டுக் கொன்று, ஆயுதங்கள் வைக்கப்பட்ட பெட்டகத்தை அவர்களுக்குத் திறந்துவிடுகின்றான். விமானம் அவர்கள் கைப்படுகின்றது. ராடெக் விடுவிக்கப்படல் வேண்டும், அதுவரை அரை மணித்தியாலத்துக்கு ஓர் உயிர் போகும் என்பது கொர்சுனோவின் நிபந்தனை. சனாதிபதி தப்பும் கூண்டிலே வெளியேறிவிட்டான் என்று யாவரும் நம்புகின்றனர். அவனோ விமானத்தின் கீழ்த்தளத்தில் ஒளிந்திருக்கின்றான்.

கொர்சுனோவின் ஏது முதலில் நோக்கத்தக்கது. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரிற் கலைந்தது. அதன்பின் தன் நாடு கள்வர்க்கும் பரத்தையர்க்கும் இரையாயிற்று என்பது அவன் உட்கொதிப்பு. ராடெக் மீண்டால் இழந்த பெருமை மீளும் என்பது அவன் நம்பிக்கை. இதில் ஒரு விரிசல் உண்டு. இரஷ்யத் தாயகத்தின் பெயரால் உருகுகின்றவன் கசாக்ஸ்தானின் தளபதி ஒருவனிடத்திலே தன் மீட்பைக் காண்பது ஏன் என்பதற்குப் படம் தெளிவான மறுமொழி கூறவில்லை. உண்மையான கசாக்ஸ்தானில் அப்போது நசர்பாயேவ் ஆட்சி செலுத்தினார். ராடெக்கைப் போன்ற ஒருவர் அங்கே இருந்ததில்லை. தூரத்து நாடொன்றின் பெயரைப் படத்திலிருந்து வெட்டியெடுத்து ஒட்டியது போன்ற உணர்வு இவ்விடத்தில் எழுகின்றது. ஆயினும் இக்குறை பெரிதன்று. ஓல்ட்மனின் நடிப்பு அதனை மூடிவிடுகின்றது. அவன் கூலிக்குக் கொல்பவன் அல்லன். பொருள் வேண்டுபவனும் அல்லன். தன் உயிரையும் பொருட்படுத்தாதவன். இத்தகையோன் எதையுஞ் செய்வான் என்பதை ஐயமின்றி நம்பலாம். கதைக்கோப்புக்கு அதுவே வேண்டுவது.

அவன் வாயில் வைக்கப்பட்ட வாதங்களும் வலிமையுடையன. போர் நெறி பற்றி அவனுக்கு உபதேசிக்கப்படும்போது, எரிபொருளின் விலையைச் சிறிது குறைப்பதற்காக ஈராக்கியர் ஓரிலக்கம் பேரைக் கொன்றவர்களுக்கு அந்த உரிமை ஏது என்று கேட்கின்றான். சனாதிபதியின் மகளான சிறுமியிடம், உன் தந்தையும் கொல்பவன்தான், அவன் விருந்துடை அணிந்து தொலைபேசியிற் கட்டளையிட்டுக் கொல்கின்றான், ஆதலால் அவன் மட்டும் நல்லவனாவானா என்று வினவுகின்றான். சிறுமி தன் தந்தை பெரியவன், நீ அவனுக்கு நிகராகாய் என்று சொல்கின்றாள். அது மகளின் அன்பு, வாதத்துக்கு விடையன்று. பன்னிரண்டு வயதுப் பெண் வேறு விடை கூற முடியாது என்பது உண்மை. ஆனால் படத்தில் வேறெவரும் அவ்வினாவுக்கு விடை கூறுவதில்லை. வினா காற்றில் தொங்குகின்றது, துப்பாக்கிகள் முழங்குகின்றன.

இங்கே கதையின் உயிர்நிலை வருகின்றது. கொர்சுனோவ் முதலிற் கொல்வது தேசியப் பாதுகாப்பு ஆலோசகனை. அடுத்து, ஒளிந்திருக்கும் சனாதிபதியை வெளியே வரவழைக்க, மெலனி மிச்செல் என்னும் பத்திரிகைத் துணைச் செயலாளரை ஒலிபெருக்கியின் முன் நிறுத்துகின்றான். பத்து எண்ணி முடிவதற்குள் சனாதிபதி வந்து சரணடையாவிடில் அவள் மடிவாள். அவள் அழுகுரல் விமானமெங்கும் கேட்கின்றது. மார்ஷலுக்கும் கேட்கின்றது. அவன் வெளிப்படவில்லை. அவள் சுடப்படுகின்றாள். பேரம் பேசுவதில்லை என்ற மொஸ்கோ உறுதிக்கு அவன் கொடுத்த விலை அது. கொடிய விலை, ஆனால் உறுதி உறுதியாகவே நின்றது. பின்னர் மார்ஷல் பிடிபடுகின்றான். இம்முறை துப்பாக்கி அவன் மகளின் நெற்றியில் வைக்கப்படுகின்றது. அவன் உடைகின்றான். இரஷ்ய சனாதிபதியைத் தொலைபேசியில் அழைத்து, ராடெக்கை விடுவிக்குமாறு வேண்டுகின்றான்.

பெற்ற தந்தை வேறென் செய்வான் என்று கேட்கலாம். தந்தையாக அவன் செய்தது இயல்பே. எந்தத் தந்தையும் அவனைக் குறை கூறான். ஆனால் கொர்சுனோவ் படம் முழுதும் நிறுவ முயன்றது இதனைத்தான்: உங்கள் நெறி பிறர் பிள்ளைகளுக்கே உரியது, உங்கள் பிள்ளைக்கு உரியதன்று என்பது. அந்த வாதத்தில் அவன் வென்றுவிட்டான். மெலனி மிச்செலுக்கும் தந்தை ஒருவன் எங்கோ இருந்திருப்பான். அவளுக்காக வளையாத நெறி சனாதிபதியின் மகளுக்காக வளைந்தது. இதைவிடக் கூர்மையான துன்பியல் முரணைச் சாகசப் படமொன்று கண்டெடுத்தல் அரிது. கண்டெடுத்ததை என்ன செய்தது என்பதே கேள்வி. சில நிமிடங்களில் மார்ஷல் தன் கட்டை அறுத்துக்கொண்டு எழுகின்றான், கைகலப்பு நிகழ்கின்றது, தன் விமானத்தைவிட்டு இறங்குமாறு கூறிக் கொர்சுனோவைப் பரசூட் வாரினாலே கழுத்திறுக்கி வெளியே எறிகின்றான். கொட்டகையிற் கைதட்டல் எழுகின்ற இடம் அது. அக்கைதட்டலில் அம்முரண் மூழ்கிப்போகின்றது. ராடெக்கும் சிறை முற்றத்தைக் கடந்து ஹெலிகொப்டரை அணுகும் வேளையிற் சுட்டு வீழ்த்தப்படுகின்றான். ஆதலால் வாக்குறுதி மீறப்பட்டதன் பயன் ஒன்றும் உலகில் எஞ்சுவதில்லை. விளைவு இல்லாதபடி துடைக்கப்பட்ட தவற்றைத் தவறு என்று எவரும் நினைவு கூரார்.

பீற்றர்சன் பிறந்த நாட்டிலே இதே சிக்கல் கதையாக அன்றி வாழ்வாக நிகழ்ந்தது. 1977 செப்டெம்பர் 5ஆந் தேதி ஜேர்மன் முதலாளிமார் சங்கத் தலைவர் ஷ்லையர் கடத்தப்பட்டார். சிறையிலிருந்த தீவிரவாதிகளை விடுவித்தால் அவர் மீள்வார் என்று கூறப்பட்டது. ஒக்டோபர் 13ஆந் தேதி, அதே கோரிக்கையை வலியுறுத்தி லுப்தான்சா நிறுவனத்தின் ‘லான்ட்ஸ்ஹூட்’ விமானமும் கடத்தப்பட்டது. அதிபர் ஹெல்முற் ஷ்மிற் இணங்கவில்லை. ஷ்லையரின் குடும்பத்தினர் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடி, அவருடைய உயிரைக் காக்க அரசு கைதிகளை விடுவித்தல் கடமை என வாதாடினர். ஒக்டோபர் 16ஆந் தேதி நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளியது. 18ஆந் தேதி மொகடிஷு விமான நிலையத்திற் சிறப்புப் படையினர் விமானத்துள் புகுந்து 86 பணயக் கைதிகளை மீட்டனர். விமானத் தலைவர் அதற்கு முன்னரே கொல்லப்பட்டிருந்தார். 19ஆந் தேதி ஷ்லையரின் சடலம் பிரான்சில் கண்டெடுக்கப்பட்டது. ஷ்மிற்றின் முடிவு சரியோ பிழையோ என்பது வேறு ஆய்வு. அங்கே நெறிக்கு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர் யார் என்பது எல்லார்க்குந் தெரிந்திருந்தது. அந்த மரணத்தை எந்த வான்போரும் மறைக்கவில்லை. ‘எயார் போர்ஸ் வன்’ படத்திற் கடத்தப்பட்ட விமானம் முதலில் இறங்க முயல்வது ஜேர்மனியின் ராம்ஸ்ரைன் தளத்திலே. ஓடுபாதையைத் தொட்டும் தொடாமலும் அது மீண்டும் மேலெழுந்துவிடுகின்றது.

வெள்ளை மாளிகையில் நிகழும் கிளைக்கதையிலும் இவ்வழுக்கல் உண்டு. பணயமாக இருக்கும் சனாதிபதி சுயாதீனமாக முடிவெடுக்க வல்லனல்லன், ஆதலால் 1967இல் நிறைவேறிய இருபத்தைந்தாம் திருத்தத்தின்படி அவன் அதிகாரத்தை உப சனாதிபதிக்கு மாற்றல் வேண்டும் என்று பாதுகாப்புச் செயலாளன் வற்புறுத்துகின்றான். பெனற் கையொப்பமிட மறுக்கின்றாள். படம் இம்மறுப்பைப் பற்றுறுதியாகக் காட்டுகின்றது. பாதுகாப்புச் செயலாளனைப் பதவி ஆசை கொண்டவனைப் போலக் காட்டுகின்றது. ஆனால் மார்ஷல் தன் மகளின் பொருட்டு ராடெக்கை விடுவிக்கக் கூறியபோது, செயலாளன் கூறியது அட்சரம் பிசகாமல் மெய்யாயிற்று. கையொப்பமிடாத பேனாவைக் கொண்டாடும் படம், கதையின் தருக்கம் எதிர்ப்பக்கத்திற் சாய்ந்ததைக் கவனியாது விடுகின்றது. கிளென் குளோசின் முகத்திலே ஓரிரு கணம் இந்தச் சுமை தென்படுகின்றது. எழுத்தில் இல்லாததை நடிகை தந்திருக்கின்றாள் என்றே கொள்ள வேண்டும்.

இனிக் கிப்சை நோக்குதல் வேண்டும். சேண்டர் பேர்க்லி நடித்த இம்மெய்க்காவலன் படத்தின் தொடக்கத்திலேயே துரோகி என்று காட்டப்படுகின்றான். இம்முறை நாடக நயம் உடையது. சனாதிபதி அவனை நம்புகின்றான். பார்ப்போர் அவனை அறிவர். அவ்விடைவெளியில் அச்சம் பிறக்கின்றது. இறுதியில் அவிழ்க்கப்படும் மர்மமாக அவனை வைத்திருந்தால், அவன் யார் என்ற வினாவே போதியதாயிருந்திருக்கும். யார் என்பதை முதலிலேயே கூறிவிட்டமையால், ஏன் என்ற வினாவே பார்ப்போர் மனத்தில் எஞ்சுகின்றது. 124 நிமிடமும் அவ்வினா உடன் வருகின்றது. விடை வருவதில்லை. அவன் பணத்துக்கு விலைபோனவனா? ராடெக்கின் கொள்கையை ஏற்றவனா? சனாதிபதிமீது தனிப்பகை கொண்டவனா? குடும்பத்தைப் பணயமாக வைத்து மிரட்டப்பட்டவனா? இவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒரு வாக்கியத்திற் கூறியிருந்தாற் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்கு இடமில்லாத அளவுக்குப் படம் நெருக்கமானதன்று. பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட மிக் விமானப் போரிலே அரை நிமிடத்தைக் குறைத்திருந்தால் அவ்விடம் கிடைத்திருக்கும்.

கிப்சின் செயல்களைக் கொண்டு அவன் ஏதுவை உய்த்துணரலாமோ எனின், அதுவும் இயலவில்லை. இறுதிக் காட்சியில் விமானம் கடலை நோக்கி வீழ்ந்துகொண்டிருக்கின்றது. மீட்பு விமானத்திலிருந்து வடம் கட்டி ஒவ்வொருவராக மாற்றப்படுகின்றனர். இன்னும் ஒருவர் மாத்திரமே செல்லக் காலம் உண்டு. அப்போது கிப்ஸ் தன் வேடத்தைக் களைந்து, உடனிருந்த அதிகாரியையும் மீட்க வந்த வீரனையும் சுட்டுத் தன்னுயிரைக் காக்க முயல்கின்றான். இக்காட்சி அவனைப் பற்றி ஒன்றைத் தெரிவிக்கின்றது: அவன் வாழ விரும்புகின்றான். ஆனால் இஃது அவன் தொடக்கச் செயலோடு பொருந்துவதாயில்லை. உயிராசை மிக்கவன், சாகத் துணிந்தோர் கூட்டத்தை உலகிலேயே மிகுந்த காவலுடைய விமானத்துள் எதற்காக வரவேற்றான்? அதிலிருந்து அவன் எவ்வாறு மீள எண்ணினான்? கொர்சுனோவ் வென்றிருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது யாது? ஒரு பாத்திரத்தின் முதற்செயலும் இறுதிச்செயலும் ஒன்றையொன்று மறுக்குமாயின், இடையில் நின்று அவற்றை இணைப்பது ஏதுவே. அந்த இணைப்பு இங்கு இல்லை.

சாகசப் படத்தில் இத்தகைய தருக்கம் தேடுவது வீண் என்று சிலர் கூறுவர். நடவாதவை பல அதில் நடக்கின்றனவே என்பர். சனாதிபதியின் மெய்யான விமானம் போயிங் 747 வகையைச் சேர்ந்தது. அதிலே தப்பும் கூண்டு கிடையாது. படத்தில் அது உண்டு. இதனைப் பெருங்குற்றமாக எடுத்துரைப்போர் உளர். அரிஸ்ரோட்டில் கவிதையியலிலே இதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கூறிவைத்தார்: நடக்கக்கூடியதாயினும் நம்பத்தகாததிலும் பார்க்க, நடக்கமாட்டாததாயினும் நம்பத்தக்கதே கதைக்கு ஏற்றது. கூண்டு நடக்கமாட்டாதது, ஆனால் அத்தகைய விமானத்தில் அப்படியொன்று இருக்கும் என்று எவரும் நம்புவர். கிப்ஸ் அதற்கு மறுதலை. மெய்க்காவலன் துரோகியாதல் உலகில் நடவாததன்று. 1984 ஒக்டோபர் 31ஆந் தேதி இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி தம் மெய்க்காவலர் இருவராற் சுடப்பட்டார். அவர்கள் ஏன் சுட்டனர் என்று கேட்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமிர்தசரசுப் பொற்கோயிலுள் இராணுவம் புகுந்ததை உலகமறியும். வரலாற்றுத் துரோகிக்கு ஏது இருந்தது. திரைத் துரோகிக்கே அது மறுக்கப்பட்டது.

ஏதுவற்ற தீமைக்கும் இலக்கியத்தில் இடமுண்டு என்று ஷேக்ஸ்பியரின் இயாகோவைச் சான்று காட்டுவோர் இருப்பர். கோல்ரிட்ஜ் அவனைப் பற்றிக் கூறியது பெரிதும் எடுத்தாளப்படுவது: அவனுடைய தீமைக்கு ஏது இல்லை, அவன் ஏதுக்களை வேட்டையாடித் திரிகின்றான் என்பது. ஆனால் வேட்டையாடுகின்றான் என்பதே முக்கியமானது. பதவி உயர்வு தனக்குக் கிட்டவில்லை என்கின்றான். மனைவியைப் பற்றிய வதந்தி என்கின்றான். ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுகின்றான். இறுதியில் ஏன் என்று ஒதெல்லோ கேட்க, இனிப் பேசேன் என்று வாயை மூடிக்கொள்கின்றான். அம்மௌனம் அரங்கிலே நிகழும் ஒரு செயல். அதனைக் கேட்டு ஒதெல்லோ நடுங்குகின்றான். கிப்சின் மௌனம் அத்தகையதன்று. அவன் வாய் மூடியவன் அல்லன், வாய் கொடுக்கப்படாதவன்.

ஏதுவைக் கூறிவிட்டாற் போதுமா என்றால், அதுவும் போதாது. 2014இல் ஹவுமே கொலெற்-செரா நெறிப்படுத்திய ‘நொன்-ஸ்ரொப்’ இதற்குச் சான்று. நியூ யோர்க்கிலிருந்து இலண்டன் செல்லும் விமானத்தில், பதினைந்து கோடி டொலர் செலுத்தப்படாவிட்டால் இருபது நிமிடத்துக்கு ஒருவர் மடிவர் என்று விமானக் காவலன் ஒருவனுக்குச் செய்தி வருகின்றது. பழி அவன்மீதே விழுமாறு சதி பின்னப்பட்டிருக்கின்றது. ஈற்றிற் குற்றவாளி வெளிப்பட்டு நீண்ட விளக்கமொன்று தருகின்றான். 2001 செப்டெம்பர் 11ஆந் தேதி தந்தையை இழந்தவன் அவன். போர்முனை சென்று மீண்டவன். விமானப் பாதுகாப்பென்பது வெறும் பொய் என்று நாட்டுக்குக் காட்ட விரும்புகின்றான். காட்டும் வழி, தந்தையைக் கொன்றோர் செய்ததையே தானுஞ் செய்தல். இவ்வேது பெரியது, ஆனால் செயலோடு ஒட்டவில்லை. தந்தையை இழந்த துயர் இத்தனை நுட்பமான பொறியாக மாறிய வழியைப் படம் காட்டவில்லை. கடைசிப் பத்து நிமிடத்திற் சொற்பொழிவாகக் கொட்டுகின்றது. கம்பனின் மண்ணுண்டை சிறியதாயினும் கூனியின் ஒவ்வொரு சொல்லிலும் அதன் வடு தெரிகின்றது. இங்கே ஏது மலைபோன்றது. ஒரு சொல்லிலும் அதன் நிழலில்லை. அவனுடைய கூட்டாளியே சற்று நம்பத்தக்கவன். அவன் பணத்தைப் பெற்றுக்கொண்டு பரசூட்டில் இறங்கிவிடலாம் என்று எண்ணியவன்.

அவ்வாறாயிற் கிப்சுக்கு அத்தகைய மலிவான ஏதுவாவது ஏன் தரப்படவில்லை? இவ்வினாவுக்கு விடை, கொர்சுனோவுக்கு அது தாராளமாகத் தரப்பட்டதிற் கிடக்கின்றது. அயலான் ஒருவன் அமெரிக்காவை வெறுத்தற்குக் காரணங் கூறுவதாற் படத்துக்கு இடர் ஏதுமில்லை. அவன் எத்தனை கூர்மையாகப் பேசினும், அது பகைவன் பேச்சு; அவன் வெளியே எறியப்படும்போது பேச்சும் உடன் எறியப்படும். கிப்சோ அந்நாட்டவன், அந்நாட்டுத் தலைவனுக்காகத் தன் மார்பைக் கேடயமாக்குவேன் என்று உறுதிமொழி எடுத்தவன். அவன் வாய்திறந்தால், என்ன கூறினும் அது வீட்டுக் குற்றமாகும். பணத்துக்கு விலைபோனேன் என்றால், அவ்வரண்மனையின் வாயிற்காவலே விலைக்குக் கிடைக்கும் என்று பொருள். கொள்கையால் மாறினேன் என்றால், கொர்சுனோவின் வாதம் உள்ளிருந்த ஒருவனையே வென்றது என்று பொருள். நாட்டின்மீது மனக்கசப்பு என்றால், அக்கசப்புக்கு உரிய காரணத்தை நாடு கேட்டேயாதல் வேண்டும். இம்மூன்றில் எதனையும் அந்தப் படம் தாங்காது. வீரத்தின் கதையாக அது தன்னை அமைத்துக்கொண்டது. உள்ளிருந்து கதவு திறக்கப்பட்ட கதையாக அமைத்துக்கொள்ளவில்லை. கதவு திறக்கப்படாவிட்டாற் கதையே இல்லை. ஆதலால் திறப்பவன் வேண்டும். திறப்பதற்குக் காரணம் சொன்னால் வேறு கதை பிறந்துவிடும். ஆதலாற் காரணம் வேண்டாம். கிப்ஸ் ஒரு பாத்திரமாக அன்றி ஒரு திறவுகோலாகவே நின்றுவிடுகின்றான்.

இதனைக் கூறும்போது பீற்றர்சனின் பழைய படமொன்று நினைவுக்கு வருவது இயல்பே. 1981இல் அவர் எடுத்த ‘டாஸ் பூற்’ இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உள்ளே நிகழ்வது. அடைபட்ட இரும்புக் கூட்டிற்குள் மாந்தரை வைத்து அவர்களின் வியர்வையையும் அச்சத்தையும் காட்டுதல் அவருக்குக் கைவந்த கலை. ‘எயார் போர்ஸ் வன்’ படத்தின் ஒடுங்கிய நடைவழிகளிலும் அந்தக் கை தெரிகின்றது. ஆனால் நீர்மூழ்கிக் கப்பலிலே அவர் காட்டியது தோற்ற பக்கத்தாரை, தம் தலைமையை ஐயுறத் தொடங்கிய மாலுமிகளை. தன்னவர் ஐயுறுவதைக் காட்ட அப்போது அவர் அஞ்சவில்லை. அதே கலைஞர் பதினாறு ஆண்டின் பின், வேறு நாட்டின் பணத்தில், தன்னவரை ஐயுறும் ஒருவனைக் கதையுள் வைத்துக்கொண்டும் அவன் முகத்தருகே செல்லாது விலகிப்போனார்.

படத்தின் கடைசிக் காட்சியில் மார்ஷல் வடத்தைப் பற்றி மீட்பு விமானத்தை அடைகின்றான். வெறுமையான பெருவிமானம் கிப்சோடு கஸ்பியன் கடலில் மோதிச் சிதறுகின்றது. சனாதிபதி ஏறியிருக்கும் எந்த வான்படை விமானத்துக்கும் அப்பெயர் உரியது என்ற விதிப்படி, மீட்பு விமானத்தின் ஓட்டி தன் அழைப்புப் பெயரை மாற்றி வானொலியில் அறிவிக்கின்றான். வெள்ளை மாளிகையில் ஆரவாரம் எழுகின்றது. விமானத்தில் ஒலிபெருக்கியின் முன் பத்து எண்ணப்பட்டுச் சுடப்பட்ட பெண்ணின் பெயரை அவ்வாரவாரத்தில் எவரும் உச்சரிப்பதில்லை.